இரு வீடுகளும் இரு கிணறுகளும்

யாழ்ப்பாணத்தில் வீடு வாங்கப் புறப்படுவோர் முதலிற் காணவேண்டியது கிணற்றையே. ஓய்வூதியப் பணத்தை நம்பி நாம் இரு வீடுகளைப் பார்வையிட்டோம். ஒன்று, அரியாலையிற் கடனீரேரியோரம் எழுந்த புதுவீடு; மற்றையது, உரும்பிராய்ச் செம்மண்ணில் நிற்கும் பழைய நாற்சார் வீடு.

மார்கழி மழை ஓய்ந்த தை மாதம் அது. இரு கிணறுகளும் இனித்தன. பிள்ளைகள் புதுவீட்டையே விரும்பினர். மாமியோ, "ஆவணியிலும் ஒருக்கால் குடிச்சுப் பார்த்திட்டுக் காசைக் குடுங்கோ" என்றார்.

வற்றாத ஆறில்லாத இக்குடாநாட்டில், சுண்ணாம்புக் கற்பாறையுள் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தே உவர்நீரும் இருத்தல் இதனாலேயே. கோடையில் நன்னீர்ப்படை மெலிய, கரையோரக் கிணறுகளில் உவர் மேலெழும்.

ஆவணியில் மீண்டும் சென்றோம். அரியாலைக் கிணற்றுநீர் நாவிற் கரித்தது. உரும்பிராயில் நீர்மட்டம் தாழ்ந்திருந்தும் சுவை மாறவில்லை. ஓடு மாற்றவும் வளை திருத்தவும் பெருஞ்செலவுண்டு என்பதை அறிந்தே, பழைய வீட்டிற்கு உறுதி எழுதுவித்தோம். சுவரைப் புதுப்பிக்கலாம், ஊற்றைப் புதுப்பிக்க எவரால் இயலும்?