ஒன்றரை டிகிரி

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை மக்களே. வீட்டு வாசல்ல காருக்கு அடியில மல்லாக்கப் படுத்துக் கிடந்தேன், அதான். இது கொஞ்சம் டெக்னிக்கலான பதிவு. பயப்படாதீங்க, கூட்டல் கழித்தல் தெரிஞ்சா போதும் :-)

நம்மகிட்ட ஒரு குதிரை இருக்கு. 2002-ம் வருஷத்து மஸ்டாங் ஜிடி. 4.6 லிட்டர் வி8, அஞ்சு கியர், பின் சக்கரம்தான் தள்ளும். 2015 மாடல்ல இருந்துதான் மஸ்டாங்குக்கெல்லாம் பின்னாடி இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன். என்னோடது பழைய ஆளு, லாரி மாதிரி ஒரே துண்டு ஆக்ஸில். அதை நாலு ஆர்ம் பிடிச்சுக்கிட்டு இருக்கும், மேல ரெண்டு, கீழ ரெண்டு.

போன வசந்த காலத்துல, பார்க்க அழகா இருக்கட்டுமேன்னு குட்டை ஸ்பிரிங் வாங்கி, வண்டியை ஒன்றரை இஞ்ச் இறக்கினேன். நானே மாட்டினேன். அழகாத்தான் இருந்துச்சு. ஆனா ஃப்ரீவேயில 65 மைல் தாண்டினதும் சீட்டுக்கு அடியில ஒரு 'ம்ம்ம்ம்' ஆரம்பிச்சுது. 70-ல கண்ணாடியில பின்னாடி வர்ற வண்டி ரெண்டா தெரிஞ்சுது.

டயர் கடையில மூணு தடவை பேலன்ஸ் பண்ணினாங்க. மூணு தடவையும் காசு வாங்கினாங்க. 'ம்ம்ம்ம்' போகலை. தங்கமணி ஒரு நாள் ஏறி உட்கார்ந்துட்டு, இறங்கும்போது ஒரே வார்த்தைதான் சொன்னாங்க: "பாப்பாவை இதுல ஏத்தக் கூடாது." அதோட பாப்பாவோட சீட் அவங்க காருக்குப் போயிடுச்சு. வண்டியை வித்துடலாமான்னு யோசிக்க ஆரம்பிச்சேன்.

ஞாயித்துக்கிழமை அப்பாவுக்கு போன் பண்ணும்போது சும்மா புலம்பினேன். அப்பா நாமக்கல்ல முப்பது வருஷம் லாரி பட்டறை வெச்சிருந்தவர். கேட்டுட்டு ரெண்டே கேள்வி கேட்டார்.

"ஏங்கண்ணு, வேகத்துக்குத் தக்க ஆட்டமா, மிதிக்கிறதுக்குத் தக்க ஆட்டமா?"

"ரெண்டும்தாம்பா. 70-ல மிதிச்சா ஜாஸ்தி, காலை எடுத்தா கம்மி."

"ஸ்பிரிங்கை மாத்துனியா?"

"ஆமாம்பா."

"அப்புறம் எதுக்கு டயரைத் திட்டற? கமான் பட்டை மாத்துனா பினியன் மூக்கு திரும்பிக்கும். நாங்க ஆப்பு மாதிரி தகடு வெச்சு சரி பண்ணுவோம். ஷாஃப்ட்டைப் பாரு சாமி."

எத்தனையோ ராத்திரி கூகுள்ல தேடினவனுக்கு அப்பாவைக் கேக்கத் தோணலை. அவர் பட்டறை வேலையை விட்டு நான் தள்ளிப் போகணும்னுதான் என்னைப் படிக்க வெச்சார். நானும் கொஞ்சம் அதிகமாவே தள்ளிப் போயிட்டேன் போல.

சரி, விஷயம் இதுதான். கியர்பாக்ஸ் வாலுக்கும் பின் ஆக்ஸில்ல இருக்கிற பினியனுக்கும் நடுவுல ஒரு ஷாஃப்ட். ரெண்டு முனையிலயும் சிலுவை மாதிரி ஒரு ஜாயிண்ட், நம்ம ஊர்ல கிராஸ்னு சொல்வாங்க. கிராஸ் நேரா இருந்தா பிரச்சனை இல்லை. வளைஞ்சு சுத்தினா, உள்ளே வர்ற வேகம் ஒரே சீரா இருந்தாலும் வெளியே போற வேகம் சுத்துக்கு ரெண்டு தடவை கூடிக் குறையும். மூன்றரை டிகிரி வளைவுக்கு இது ஆயிரத்துல ரெண்டு பங்குதான். ஆனா 70 மைல்ல என் ஷாஃப்ட் நிமிஷத்துக்கு சுமார் 3000 சுத்து சுத்துது. அப்படின்னா செகண்டுக்கு 100 உதறல். டயர் சுத்தறது செகண்டுக்கு 15 தடவைதான். டயர் கடைக்காரர் தேடின இடமே வேற.

இதுக்கு வைத்தியம் ரெண்டாவது கிராஸ்லயே இருக்கு. ரெண்டு பக்கமும் வளைவு ஒரே அளவா இருந்தா, முன்னாடி பண்ணின கோளாறைப் பின்னாடி இருக்கிறது நேர் பண்ணிடும். அதாவது கியர்பாக்ஸும் பினியனும் ஒண்ணுக்கொண்ணு இணையா இருக்கணும்.

அளக்கிறது சுலபம், ஒழுங்கா அளக்கிறதுதான் கஷ்டம். முதல் தடவை பாடியில ஸ்டாண்ட் கொடுத்துத் தூக்கி அளந்தேன். ஆக்ஸில் தொங்கிக்கிட்டு இருந்துச்சு, கிடைச்ச எண் எல்லாம் குப்பை. வண்டி ரோட்டுல நிக்கிற மாதிரியே எடை ஆக்ஸில் மேல இருக்கணும். அப்புறம் முன் சக்கரத்தை ரேம்ப்ல ஏத்தி, பின்னாடி ஆக்ஸில் குழாய்க்கு அடியிலயே ஸ்டாண்ட் வெச்சேன். தரை கொஞ்சம் சாய்வா இருந்தாலும் பரவாயில்லை, நமக்கு வேண்டியது வித்தியாசம் மட்டும்தான்.

காந்தம் வெச்ச டிஜிட்டல் கோணமானியில வந்தது:

கியர்பாக்ஸ் - பின்பக்கமா 3.5 டிகிரி இறக்கம்
ஷாஃப்ட் - 1.5 இறக்கம்
பினியன் - மூக்கு 5.0 மேல

முன் கிராஸ் வளைவு 2.0. பின் கிராஸ் 3.5. வித்தியாசம் ஒன்றரை டிகிரி! மிதிக்கும்போது பினியன் மூக்கு இன்னும் மேல ஏறப் பார்க்கும். அதனாலதான் மிதிச்சா ஜாஸ்தி. அப்பா போன்ல கேட்ட முதல் கேள்வியோட அர்த்தம் அப்பத்தான் புரிஞ்சுது.

ஏறும்னு தெரியும்கிறதால, நிக்கும்போது ஒரு டிகிரி குறைவாவே வைக்கணும். என் இலக்கு 2.5. அதுக்காக வளைவே இல்லாம சைபர் ஆக்கிடவும் கூடாது. கிராஸுக்குள்ள இருக்கிற ஊசி பேரிங் உருளாம ஒரே இடத்துல நின்னு பள்ளம் பண்ணிடும்.

நீளம் மாத்தற மாதிரி மேல் ஆர்ம் ரெண்டு வாங்கினேன். முதல் சனிக்கிழமை ஆர்மை நீளமாக்கினேன். மூக்கு 6 டிகிரிக்குப் போச்சு! ஆக்ஸிலோட தலையைப் பின்னாடி தள்ளினா மூக்கு மேலதானே போகும்? இஞ்சினியராம் :-( திரும்ப குட்டையாக்கினேன், ரெண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில திருகினேன். ஒண்ணு நீளம் ஒண்ணு குட்டைன்னா ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுத்துக்கும். கடைசியில 2.6-ல நின்னுது. போல்ட்டுகளை எடை ஆக்ஸில்ல இருக்கும்போதே முறுக்கினேன்.

ஷாஃப்ட்டைக் கழட்டினப்ப பின் கிராஸைக் கையால திருப்பிப் பார்த்தேன். ஒரு கப்புல செம்பழுப்பு நிறத்துல துருப்பொடி. கிரீஸ் காய்ஞ்சு பேரிங் சாகும்போது வர்ற பொடி. அது முழுசா உடைஞ்சிருந்தா, ஓடற ஓட்டத்துல ஷாஃப்ட் கழண்டு அடிப்பலகையை அடிச்சிருக்கும். அந்தப் பலகைக்கு மேலதான் பாப்பாவோட சீட் இருந்துச்சு. கொஞ்ச நேரம் அந்தக் கப்பையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். தங்கமணி சொன்னது சரிதான்னு இங்கே எழுத்துப்பூர்வமா ஒத்துக்கறேன்.

புது கிராஸ் போட்டு ஃப்ரீவேக்குப் போனேன். 65. 70. மிதிச்சேன். கண்ணாடியில பின்னாடி வந்த வண்டி ஒண்ணே ஒண்ணுதான்.

அடுத்த வாரம் பாப்பா சீட் திரும்பி வந்துச்சு. பத்தே நிமிஷத்துல தூங்கிட்டா. ஓரமா நிறுத்தி அப்பாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். அவர் பேத்தியைப் பார்த்தார், அப்புறம் கேட்டார்: "எவ்வளவு வெச்ச?"

"ரெண்டு புள்ளி ஆறு."

"ம். லாரிக்கு இவ்வளவு பார்க்க மாட்டோம்"னு சிரிச்சார். எங்கப்பா பாஷையில அது பாராட்டு.

டிஸ்கி: ஸ்பிரிங் மாத்தப் போறவங்க முதல்ல பழைய கோணத்தை அளந்து எழுதி வெச்சுக்கோங்க. நான் வைக்கலை.