துடுப்புக்குள் ஒரு கை

எங்கள் கடலுக்குத் திமிங்கிலம் புதிதல்ல. திருகோணமலைத் துறைமுக வாயிலில் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. அந்த ஆழத்தை நம்பி நீலத்திமிங்கிலங்கள் கரைக்குக் கிட்டவே வருகின்றன. 1984 இல் ஆய்வாளர்கள் அவற்றின் குரலை இங்குதான் பதிவு செய்தார்கள். ஆனால் சாம்பல்தீவிலிருந்து படகில் போனால் நாம் காண்பது மூச்சுத் தூவலும் கொஞ்சம் முதுகும்தான்.

2004 சுனாமி வாப்பாவைக் கொண்டுபோனது. அதன் பிறகு என்னால் கடலை வரைய முடியவில்லை. தண்ணீரில் தூரிகையை நனைத்தாலே கை நின்றுவிடும். "நீரை விடுங்க தம்பி. எலும்பைப் போய் வரைங்க" என்றார் எனக்கு ஓவியம் பழக்கிய மாஸ்டர்.

கொழும்புக்குப் போனேன். 1877 இல் திறக்கப்பட்ட தேசிய நூதனசாலைக் கட்டடத்தை எழுப்பியவர் நம்மவரான வாப்பிச்சி மரைக்கார். அதன் அயலில் இருப்பது 1986 இல் திறக்கப்பட்ட இயற்கை வரலாற்று நூதனசாலை. அங்கே திமிங்கில எலும்புக்கூட்டின் அருகே பென்சிலோடு நின்றேன். துடுப்பை வரையத் தொடங்கினால் தோள் வந்தது, முழங்கை வந்தது, மணிக்கட்டு வந்தது, பிறகு விரல்கள். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தில் நடந்த விலங்குகளின் வழிவந்தது திமிங்கிலம். கடலுக்குப் போயும் அது கையை விட்டுவிடவில்லை.

அன்று வரைந்த தாள்கள் எதிலும் நீர் இல்லை. ஊரில் உம்மா அவற்றைப் புரட்டிப் பார்த்தார்.

"வாப்பாட கையப் போல இரிக்கி" என்றார்.

அந்த விரல்களைச் சுற்றித்தான், நாளுக்குக் கொஞ்சமாக, நீரை வரையத் தொடங்கினேன்.