நினைவுறுத்தும் மணி

மறதி மக்கட்கு இயல்பாயமைந்த குறை. திருவள்ளுவனார் பொருட்பாலிலே காலமறிதலுக்கு ஓரதிகாரமும் பொச்சாவாமைக்குப் பிறிதோரதிகாரமும் வகுத்து வைத்தமையை நோக்குங்கால், காலத்தை அறியாதிருத்தலும், அறிந்ததனை மறந்துவிடுதலும் இருவேறு பிழைகள் என்பது புலனாகும். அவ்விரண்டும் ஒருங்கே எம்மைச் சார்ந்த செய்தியை ஈண்டு எழுதப் புகுந்தோம். எம்மைப்போல் இயந்திரத்தை நம்பியிருக்கும் அன்பர்கள் எச்சரிக்கையடையின், யாம் பட்ட நாணம் வீண்போகாது.

யாம் வசிப்பது சென்னைக்கு மேற்கே, அம்பத்தூரை அடுத்த முகப்பேரில். மகப்பேறு என்னுஞ் சொல்லே முகப்பேரெனத் திரிந்ததென்று, அங்குள்ள சந்தான ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலைக் காட்டிக் கூறுவாருமுளர். வீட்டு வசதி வாரியத்தார் மனைவகுத்த தெருவொன்றில், எம் வீட்டு முன்னறையில் மேசைக் கணிப்பொறி ஒன்றுண்டு. கல்லூரியில் மணியடிப்பதற்கென ஓர் ஊழியர் இருக்கின்றார்; அவர் அடித்தால் வகுப்புத் தொடங்கும், அடித்தால் முடியும். வீட்டிலோ அவ்வூழியரின் வேலையை மின்னஞ்சல் மென்பொருளோடு கூடிய நாட்காட்டி செய்துவந்தது. மாதாந்தக் கட்டணம், தேர்வுத்தாள் ஒப்புவிக்கும் நாள், உறவினர் திருமணம் யாவற்றையும் அதனுள் எழுதிவிட்டு, கவலையற்றிருந்தோம்.

ஒருகால் அக்கணிப்பொறி பழுதுற, பழுதுபார்ப்பவர் ஒருவர் அதனைத் திருத்தி, இயங்குதளத்தையும் புதிதாக நிறுவித் தந்தார். திரையின் மூலையிற் கடிகாரம் சரியான நேரத்தையே காட்டிற்று. ஆதலின் யாம் வேறொன்றையும் சோதித்தோமில்லை. அதன்பின் சில விந்தைகள் நிகழ்ந்தன. மாணாக்கர் எமக்கு எழுதும் கடிதங்கள் பலவும் விடியற்காலம் நான்கு மணி, நான்கரை மணி என்னும் நேரக்குறிப்புடன் வந்து நின்றன. இக்காலத்து இளைஞர் வைகறையில் எழுவதில்லையென்று குறைகூறுவார் கூற்றை எண்ணி நகைத்து, ஒருநாள் வகுப்பிலே அவர்தம் ஊக்கத்தை வியந்து புகழ்ந்தும் விட்டோம். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனரேயன்றி மறுத்துரைத்தாரில்லை. புகழ்ச்சியை யார்தாம் மறுப்பர்?

நிற்க. எம் மாணாக்கருள் ஒருவர், திருமுல்லைவாயிலிலிருந்து நாடோறும் புகைவண்டியில் வந்து படித்தவர், இங்கிலாந்துப் பல்கலைக்கழகமொன்றில் உதவிப் பணத்துடன் மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தார். தந்தையார் இல்லாதவர், தாயாரின் தையல் வேலையே குடும்பத்துக்கு ஆதாரம். தெரிவுக் குழுவினர், அவரைக் குறித்து எம்மோடு காணொளி வாயிலாகச் சிறிது நேரம் பேச விரும்புவதாக எழுதி, நாட்காட்டி அழைப்பொன்றும் அனுப்பினர். பெப்ருவரித் திங்களில் ஒரு நாள், கிரீனிச் நேரம் காலை 10 மணி என்பது குறிப்பு. அழைப்பை ஏற்றுக்கொள்ளும் பொத்தானை அழுத்தினோம். நேரத்தைக் கணக்கிடும் வேலையை இயந்திரம் பார்த்துக்கொள்ளுமென்று கடிதத்தை மூடினோம். அதுவே எம் முதற்பிழை.

குறித்த நாளில் எமக்கு வகுப்பில்லை. காலையிற் கணிப்பொறியைத் திறந்து மணியொலிக்கக் காத்திருந்தோம். ஒலிக்கவில்லை. அழைப்பு மாலையிற் போலும் என்று எண்ணியிருந்தோம். பிற்பகல் மூன்றரை மணிக்குக் கடைத்தெருவிலே கீரைக்கட்டுக்கு விலைபேசிக்கொண்டிருந்தோம். அந்நேரத்திலேதான் இங்கிலாந்தில் மூவர் எம் முகத்தை எதிர்நோக்கி வெறுந்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தனர். அரைமணி காத்திருந்து கலைந்தனரென்றும், எழுத்திலுள்ள சான்றுகளைக்கொண்டே முடிவுசெய்வரென்றும் இரவிலே கடிதம் வந்தது. யாம் மன்னிப்பு வேண்டி எழுதினோம். இரண்டு வாரத்தில் அவ்விடம் வேறொருவர்க்கு அளிக்கப்பட்டது.

மாணாக்கரை வீட்டிற்கு அழைத்து உள்ளதை உள்ளவாறே கூறினோம். அவர் சிறிது நேரம் தரையை நோக்கியிருந்தார். பின்னர், "ஐயா, தங்கள் கணிப்பொறியை நான் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

"பார்க்கலாம், தம்பி. மணியடிக்கத் தவறிய காரணத்தைக் கண்டுபிடித்தால் போதும்," என்றோம்.

"தாங்கள் ஒரு சனிக்கிழமை பிற்பகல் எனக்கு அனுப்பிய கடிதத்தில் ஞாயிறு விடியற்காலம் ஐந்து மணி என்று இருந்தது, ஐயா. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பெரியவரிடம் எப்படிச் சொல்வதென்று இருந்துவிட்டேன்," என்றார்.

அவர் கடிகார அமைப்பைத் திறந்தவுடன் நோய்முதல் வெளிப்பட்டது. நேர வலயமானது அமெரிக்க மேலைக்கடற்கரைக்கு உரியதாக, அஃதாவது கிரீனிச்சுக்கு 8 மணி பின்தங்கியதாக இருந்தது. பழுதுபார்த்தவர் வலயத்தை மாற்றாமல், கடிகார முள்ளை மட்டும் கையால் தள்ளி எம்மூர் நேரம்போற் காட்டி, தானாகத் திருத்திக்கொள்ளும் வசதியையும் நிறுத்தி வைத்திருந்தார். கண்ணுக்கு நேரம் சரி. கணிப்பொறியின் உள்ளக்கணக்கிலோ பதின்மூன்றரை மணி வேற்றுமை. கிரீனிச் நேரம் 10 மணிக்குரிய அழைப்பை, அது 8 மணி கழித்து அதிகாலை 2 மணியெனப் பதிந்துகொண்டது. அந்நேரத்தில் யாம் உறங்கினோம், கணிப்பொறியும் உறங்கிற்று. காலையில் திறந்தபோதாவது, கடந்துபோன நினைவூட்டலென்று அறிவித்திருக்கலாமன்றோ? கடந்த நிகழ்ச்சிகளின் நினைவூட்டலைத் தானே நீக்கிவிடுக என்னும் தெரிவை, தொல்லை குறையுமென்று யாமே முன்னர் இட்டு வைத்திருந்தோம். வைகறையில் எழுந்த எம் மாணாக்கரின் மருமமும் அப்பொழுதே விளங்கிற்று. மாலை 6 மணிக்கு அவர்கள் எழுதிய கடிதமே எமக்கு விடியற்காலம் நான்கரையெனத் தோன்றியது.

காலத்தை ஒருபடித்தாக்குதல் எளிதன்றென்பது எம் ஊரின் வரலாற்றாலும் தெளிவாகும். 1792-இல் சென்னையில் நிறுவப்பட்ட வானாராய்ச்சி நிலையத்தின் கணக்கையொட்டிய சென்னை நேரம், இந்திய நேரத்தினும் ஏறக்குறைய 9 நிமிடம் பிந்தியது; புகைவண்டிகள் அதனையே பின்பற்றின. 1906-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டு, கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முந்திய ஒரே நேரம் நாட்டுக்கு வகுக்கப்பட்டது. அதன் பின்னரும் கல்கத்தாவும் பம்பாயும் தத்தம் உள்ளூர் நேரத்தை நெடுநாள் விடாது பற்றியிருந்தன. ஊரார் ஒன்பது நிமிடத்தைச் சரிசெய்யப் பட்ட பாடு அவ்வளவாயின், பதின்மூன்றரை மணியைச் சரிசெய்ய யாம் பட்ட பாட்டைக் கேட்க வேண்டுமோ?

விண்டோஸ் இயங்குதளத்தின் வலயப் பட்டியலில் எம்மூரின் பெயரே தலைமையாக நிற்கின்றது. சென்னை, கொல்கத்தா, மும்பாய், புதுதில்லி என்னும் வரியைத் தெரிந்து, நேரத்தைத் தானாக அமைத்துக்கொள்ளும் வசதியையும் மீட்டார் மாணாக்கர். தீர்ந்ததென்று மகிழ்ந்தோம், தீரவில்லை. நாட்காட்டி ஒவ்வொரு நிகழ்ச்சியையும் பொதுநேரக் கணக்கிலே உள்ளே காத்துவைப்பது. ஆகவே பிறர் அனுப்பிய அழைப்புகள் தாமே சரியாயின. யாம் கையாற் பதிந்தவையோ இடம்பெயர்ந்தன. காலை 9 மணிக்குரியவை இரவு பத்தரைக்குச் சென்றன. அமெரிக்கர் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளும் வழக்கமுடையராதலின், அப்பருவத்தவை இரவு ஒன்பதரைக்குச் சென்றன. நாள் முழுமைக்குமுரிய கிறிஸ்து பிறப்புத் திருநாள், டிசம்பர் 25 பிற்பகல் ஒன்றரைக்குத் தொடங்கி மறுநாள் ஒன்றரைக்கு முடிவதாயிற்று! இரண்டு மாலை அமர்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினோம். இத்தகைய நிலையில் வலயத்தை மாற்றுமுன்னர், கையாற் பதிந்தவற்றைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுதல் நன்று.

மணி ஒலியாமைக்கு வேறு காரணங்களும் உள என்பதை அவர் எமக்கு விளக்கினார். மேசைக் கணிப்பொறியிலுள்ள மென்பொருள், தான் திறந்திருக்குங்காலன்றி நினைவூட்டாது. மூடியபின் அதனை நொந்து பயனில்லை. விண்டோஸில் தொந்தரவு செய்யாதே என்னும் அமைப்பு இயங்குமாயின், அறிவிப்புகள் அடக்கப்படும். பழைய வகை அவுட்லுக்கில் விருப்பங்கள் பகுதியின் உயர்நிலைப் பக்கத்தில் நினைவூட்டல்களைக் காட்டுக என்பது குறியிடப்பட்டிருத்தல் வேண்டும். நினைவூட்டல் எழுவது முதன்மை நாட்காட்டியிலுள்ளவற்றுக்கே. துணை நாட்காட்டியில் எழுதிவைத்து மணியை எதிர்பார்த்தல் ஏமாற்றமே தரும். நீக்கிய நினைவூட்டல் திரும்பத் திரும்ப வருமாயின், அம்மென்பொருளை மூடிவிட்டு, விண்டோஸின் ரன் பெட்டியில் அவுட்லுக்.எக்ஸி என்றெழுதி, இடைவெளிவிட்டுச் சாய்கோடிட்டுக் கிளீன்ரிமைண்டர்ஸ் என்பதைச் சேர்த்துத் தட்டினால், பழைய பட்டியல் துடைக்கப்பட்டுப் புதிதாக ஆக்கப்படும். தண்டர்பேர்டில் ஒவ்வொரு நாட்காட்டியின் பண்புகளிலும் நினைவூட்டல்களைக் காட்டும் கட்டம் தனித்தனியே உண்டு. அதனை நோக்குதல் வேண்டும். யாவற்றினும் சிறந்த சோதனை எளியது. ஐந்து நிமிடத்துக்குப் பின் வருவதாக ஒரு பொய் நிகழ்ச்சியை எழுதி, மணி ஒலிக்கின்றதா என்று காத்திருந்து பார்த்தலே அது. ஆயினும் எமக்கு நேர்ந்த வலயப் பிழையை இச்சோதனை காட்டிக்கொடாது; கையாற் பதிந்த நிகழ்ச்சி, திரையிற் காணும் நேரத்துக்கு ஒத்தே ஒலிக்கும்.

யாம் பேசியிருந்தால் அவ்விடம் அவர்க்குக் கிடைத்திருக்குமென்று உறுதிகூற இயலாது. பேசாமையால் அதனை அறியும் வாய்ப்பே அவர்க்கு இல்லாமற்போயிற்று என்பதுதான் எம் நெஞ்சை வருத்துவது. பழுதுபார்த்தவர்மேலும் கருவிமேலும் குற்றஞ்சாட்டப் பலமுறை எம் நாவெழுந்தது. ஆயினும், கிரீனிச் நேரத்தோடு ஐந்தரை மணியைக் கூட்டிப் பார்ப்பதற்குக் கருவி எதற்கு? நான்காம் வகுப்புச் சிறுவனும் செய்யத்தக்க கூட்டலை, கற்பிக்குந் தொழிலுடைய யாம் செய்யாது விட்டோம். பிறன் வாழ்வைப் பற்றிய பொறுப்பு எம் கையில் ஒப்புவிக்கப்பட்டிருந்தது. அதனை ஒரு பொத்தானிடம் ஒப்புவித்துவிட்டோம்.

அம்மாணாக்கர் இப்பொழுது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலைபார்த்துத் தாயாரைக் காத்துவருகின்றார். இவ்வாண்டு மீண்டும் விண்ணப்பித்திருக்கின்றார். எம்மையே மீண்டும் பரிந்துரையாளராகக் குறித்தமை, யாம் பெறத் தகாத பெருந்தன்மை. கடிதத்தைக் குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்னரே அனுப்பினோம். குழுவினர் அழைப்பு வந்துளது. அதனைக் கணிப்பொறியிற் பதிந்ததோடு, எம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டித் தாளிலும் சிவப்பு மையால், இந்திய நேரம் பிற்பகல் மூன்றரையென்று எழுதி வைத்துள்ளோம். நாடோறும் காலையில் ஒரு தாளைக் கிழிக்குந்தோறும், அந்நாளுக்கு இன்னும் எத்தனை தாளென்று எண்ணிப் பார்க்கின்றோம்.