ஜன்னலோரம் ஒரு கீரைப் பாத்தி

"அந்தமான்ல இருந்துக்கிட்டு வீட்டுக்குள்ள செடி வளர்க்கிறியா? அங்க குச்சிய நட்டாலே முளைக்குமேடா!" ஊரிலிருந்து போன் பண்ணுகிற எல்லோரும் இதையேதான் கேட்கிறார்கள். முளைக்கும்தான். நமக்கு மிஞ்சுமா என்பதுதான் கேள்வி.

திக்லிபூரில் வருடத்துக்குச் சுமார் 3000 மி.மீ. மழை. சென்னையைப் போல இரண்டு மடங்கு. மே மாதம் பிடித்தால் டிசம்பர் வரை விட்டு விட்டு ஊற்றும். அதற்குத் தப்பினால் நத்தை. உள்ளங்கை அளவு இருக்கும் ஆப்பிரிக்க நத்தை. 1942-45ல் ஜப்பான்காரர்கள் இந்தத் தீவுகளைப் பிடித்து வைத்திருந்தபோது வந்தது என்பார்கள். ராத்திரி பார்த்த நாற்று காலையில் இருக்காது. தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு மண்ணிலேயே இன்னொரு வில்லன், பாக்டீரியா வாடல் நோய். நேற்று நிமிர்ந்து நின்ற செடி இன்று பச்சையாகவே தலை தொங்கிவிடும்.

இத்தனைக்கும் இது நெல்லுக்கும் காய்கறிக்கும் பேர்போன ஊர். 1950களில் குடியேறிய வங்காளிக் குடும்பங்களுக்கு நிலமும் உண்டு, அனுபவமும் உண்டு. டிரான்ஸ்பரில் வந்து குவார்ட்டர்ஸில் சில வருடம் இருந்துவிட்டுப் போகிற நமக்கு? அடைமழையில் மல்லித்தழை கடல் தாண்டி போர்ட் பிளேர் (2024லிருந்து ஸ்ரீ விஜயபுரம்) வந்து, அப்புறம் 300 கி.மீ.க்கு மேல் ரோட்டில் வரவேண்டும். வந்து சேரும்போது பாதி கறுத்திருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பா போன பிறகு அம்மாவை இங்கே அழைத்து வந்தோம். மணப்பாறைப் பக்கம் ஆயுசு முழுக்கக் காட்டுவேலை பார்த்தவர். இங்கே இந்தி தெரியாது, மழையில் வாசலைத் தாண்ட முடியாது. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். மாதம் தவறாமல் கேட்பது ஒன்றுதான்: "ஏப்பா, ஊருக்கு எப்ப டிக்கெட் போடுற?"

ஒரு நாள் தங்கமணி அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒரு பிடி வெந்தயமும் பழைய பிளாஸ்டிக் டப்பா ஒன்றும் எடுத்துக் கொடுத்து, "அத்தை, இதக் கொஞ்சம் போட்டுப் பாருங்களேன்" என்றாள். அவ்வளவுதான். 25 நாளில் பருப்பில் வெந்தயக்கீரை! இப்போது கிழக்கு ஜன்னலில் எனக்குத் துணி காயப்போடக்கூட இடமில்லை.

நாங்கள் கற்றுக்கொண்டது:

வெளியே உச்சி வெயில் 1 லட்சம் லக்ஸ் என்றால் ஜன்னலோரம் சில ஆயிரம், கூடத்தின் நடுவில் சில நூறுதான். நம் கண் ஏமாறும், செடி ஏமாறாது. அதனால் வெறும் ஜன்னலை நம்பி வீட்டுக்குள் தக்காளி, சுரைக்காய் என்று ஆசைப்பட வேண்டாம். வெந்தயம், மல்லி, புதினா, வெங்காயத்தாள் போதும். இங்கே மே, ஜூனில் 5 மணிக்கு முன்பே விடிந்துவிடுவதால் கிழக்கு ஜன்னல்தான் ராசி.

தோட்டத்து மண்ணை உள்ளே கொண்டு வராதீர்கள். நோயும் நத்தை முட்டையும் கூடவே வரும். தேங்காய் நார்த்தூளை 2, 3 தண்ணீரில் அலசி உப்பைப் போக்கி, மக்கிய உரம் கலந்தால் போதும். டப்பாவின் அடியில் ஓட்டை அவசியம். 4 அங்குல ஆழம் தாராளம்.

மல்லி விதையை இரண்டாக உடைத்துப் போடுங்கள். முளைக்க 10 நாள் ஆகும், பொறுமை வேண்டும். கடையில் வாங்கிய புதினாத் தண்டைத் தண்ணீரில் வைத்தாலே வேர் விடும். காற்றில் ஈரம் அதிகமுள்ள ஊரில் தினமும் தண்ணீர் ஊற்றினால் நாற்று அடியில் அழுகிச் சாயும். விரலை விட்டுப் பார்த்து ஊற்றுங்கள்.

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? டப்பா, உரம் எல்லாம் சேர்த்து வரவு செலவு போட்டேன். ரூபாயில் பெரிய லாபம் ஒன்றுமில்லை. மல்லிச் செலவு கொஞ்சம் குறைந்தது, அவ்வளவே. ஆனால் அம்மா காலையில் எழுந்ததும் டப்பா டப்பாவாகப் பார்த்துவிட்டு, எது முளைத்தது, எது சாய்ந்தது என்று நான் ஆபீஸ் கிளம்பும் வரை சொல்லிக்கொண்டிருக்கிறார். அதை எந்தக் கணக்கில் வரவு வைப்பது?

டொராண்டோவில் பனி, துபாயில் வெயில், இங்கே மழை. வெளியே போக முடியாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். ஒரு பிடி வெந்தயம் கொடுத்துப் பாருங்கள்.

போன வாரம் நானாகவே கேட்டேன், "அம்மா, ஊருக்கு டிக்கெட் போடட்டுமா?"

"இருப்பா, மல்லி இப்பதான் ரெண்டு இலை விட்டிருக்கு."