கதை யாருக்கு உரியது?

கதையைப் படைப்பவர் ஒருவர். அதை வாழவைப்பவர் பலர். இதை எனக்கு உணர்த்தியது ‘ஸ்டார் டிரெக்’ என்னும் அமெரிக்க அறிவியல் புனைவுத் தொடரின் வரலாறு.

1966இல் தொடங்கிய அத்தொடர் நிறுத்தப்படலாம் என்ற செய்தி பரவியபோது, இரசிகர்கள் தொலைக்காட்சி நிறுவனத்துக்குக் கடிதங்களை எழுதிக் குவித்தனர். தொடர் மூன்றாம் ஆண்டும் நீடித்து, 79 பகுதிகளுடன் 1969இல் நின்றது. அமெரிக்காவும் சோவியத்து ஒன்றியமும் பகைத்திருந்த காலத்தில், ரஷ்யரையும் ஜப்பானிய வழியினரையும் ஆப்பிரிக்கப் பெண்ணையும் ஒரே விண்கலத்தில் தோழராக்கிய கதை அது.

2009இல் ஜே.ஜே. ஏப்ரம்ஸ், அதே கதைமாந்தர்களைப் புதிய இளம் நடிகர்களைக் கொண்டு திரையில் மீட்டுருவாக்கினார். புதியவர்கள் மகிழ்ந்தனர். பழைய இரசிகர் சிலரோ, சிந்தனை இருந்த இடத்தைச் சண்டைக்காட்சிகள் பிடித்துக்கொண்டன என வருந்தினர். அவ்வருத்தத்தை வெறும் பழமைப்பற்று என ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை. தாம் கடிதம் எழுதிக் காத்த கனவு கலைந்துவிடுமோ என்னும் அச்சம் அது.

படமும் அவ்வச்சத்தை அறிந்தே இருந்தது. எதிர்காலத்திலிருந்து வந்த ஒருவனால் வரலாறு வேறு திசையில் பிரிகிறது. பழைய கதை அழியாமல் தனியே நிற்கிறது. முதல் தொடரில் ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமோயே முதியவராக வந்து, இளம் ஸ்பாக்கைச் சந்திக்கிறார்.

வகுப்பில் வழிநூலின் இலக்கணம் கற்பிக்கும்போதெல்லாம் இக்காட்சி என் நினைவுக்கு வரும். முதல்நூலைப் பின்பற்றியும், வேண்டிய வேறுபாட்டைச் சேர்த்தும், மரபு அழியாமல் அமைவது வழிநூல். வேறுபாட்டைப் படைப்பவர் சேர்க்கிறார். மரபை நினைவூட்டும் பொறுப்பை இரசிகர் ஏற்கின்றனர்.