இரண்டாவது துப்பாக்கி

2022 ஆகஸ்ட் மாதம். மூன்று நாளாக விடாத மழை. இரவு ஒன்பதரை மணி இருக்கும். எங்கள் கொட்டகையில் கட்டியிருந்த சினை மாட்டைப் புலி அடித்தது.

குடகில் தித்திமதிக்குப் பக்கத்தில் எங்களுக்குப் பதினெட்டு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. வேலியைத் தாண்டி அரைமணி நேரம் நடந்தால் நாகரஹொளே காடு. யானை பலாப்பழத்துக்கு வரும். பன்றி கிழங்குக்கு வரும். சிறுத்தை நாய்க்கு வரும். புலி மாட்டுக்கு வரும். இதெல்லாம் இங்கே செய்தியே அல்ல. ஆனால் கன்று போட இன்னும் இருபது நாள் இருந்த மாடு அலறியபோது, தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடியவனுக்கு அது செய்திதான்.

டார்ச் வெளிச்சத்தில் நாற்பது அடி தூரத்தில் இரண்டு கண்கள். துப்பாக்கியில் எல்.ஜி. தோட்டா இருந்தது. வானத்தைப் பார்த்து ஒரு முறை சுட்டேன். புலி அவசரப்படாமல் திரும்பிக் காப்பிச் செடிகளுக்குள் போனது. மாடு பிழைக்கவில்லை.

மறுநாள் காலை அப்பா திண்ணையில் உட்கார்ந்தபடி சொன்னார்: "நான் வாங்கி வெச்ச ரைஃபிள் பெட்டியில தூங்குது. நீ ரவை போடற துப்பாக்கியத் தூக்கிட்டு ஓடறே. இனிமேலாவது அதை உன் பேருக்கு மாத்திக்கோ."

அன்றைக்குத்தான் இரண்டாவது துப்பாக்கி பற்றி யோசிக்க ஆரம்பித்தேன்.

எங்கள் குடும்பம் கரூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. தாத்தா ஒரு வெள்ளைக்காரக் கம்பெனித் தோட்டத்தில் ரைட்டராக வேலைக்கு வந்தார். குடகுக்காரர்களுக்கும், ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் ஆயுத லைசென்ஸ் வாங்குவதிலிருந்து விலக்கு உண்டு. பிரிட்டிஷ் காலத்துச் சலுகை. 2019-ல் மத்திய உள்துறை அதை 2029 வரை நீட்டித்தது. கைல்போதுப் பண்டிகையில் அவர்கள் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுவார்கள், மரத்தில் தேங்காயைக் கட்டிச் சுட்டுப் பந்தயம் விடுவார்கள். மூன்று தலைமுறையாக இங்கேயே இருந்தாலும் நாங்கள் வந்தவர்கள்தான். எங்களுக்கு லைசென்ஸ் வேண்டும். தேர்தல் அறிவித்தவுடன் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். அந்த வாரங்களில் பன்றிகள் கொஞ்சம் தைரியமாகவே நடமாடுவதாக எனக்கு ஒரு சந்தேகம்.

அப்பாவின் ரைஃபிள் .315. மேற்கு வங்கத்தில் இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. ராணுவத்தின் .303 தோட்டா சாதாரண ஜனங்களுக்குத் தடை செய்யப்பட்டது. அதனால் நம் நாட்டில் வேட்டைக்காரர்களின் கைக்கு வந்தது இந்த.315. ஏறக்குறைய அதே பழைய ராணுவ ரைஃபிளின் உடம்பு, வேறு குழல். தோட்டாவின் தலை மட்டும் 15.8 கிராம். அப்பா அதை 1968-ல் வாங்கினார். 1969-ல் அதனால் ஒரு சிறுத்தையைச் சுட்டார். அன்று அது குற்றமில்லை. கென்னத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகளைப் படித்து வளர்ந்த தலைமுறை அது. சிறுத்தையின் பக்கத்தில் அப்பா முழங்காலிட்டிருக்கும் கறுப்பு வெள்ளைப் படம் இன்னும் கூடத்தில் தொங்குகிறது.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-ல் திருத்தம் வந்து, மிச்சம் மீதி இருந்த வேட்டை லைசென்ஸ்களும் போயின. அப்பாவின் ரைஃபிள் பெட்டிக்குள் போனது. வருஷத்துக்கு நான்கு முறை எண்ணெய் போட வெளியே வரும், அவ்வளவுதான்.

டெக்சஸில் இருக்கும் என் சித்தப்பா மகனிடம் தொலைபேசியில் பேசினேன். அவனுக்குச் சுடுவதில் ஆசை அதிகம். "ரெண்டாவது ரைஃபிளா? ஒண்ணே வாங்கு, ரெண்டு வேலைக்கும் வெச்சுக்கோ" என்றான். அங்கே கொயோட்டி என்று ஒரு ஓநாய் ஜாதி. ஆட்டுக்குட்டிகளைத் தூக்கும். டெக்சஸில் அதைச் சுட வேட்டைக்காலக் கட்டுப்பாடு கிடையாது. அவன் வைத்திருப்பது .223 போல்ட் ரைஃபிள்; மூன்றரை கிராம் குண்டு, வேகம் அதிகம், உதை குறைவு, தோட்டாவும் மலிவு. சனிக்கிழமை அட்டையில் சுடுகிறான், ஞாயிற்றுக்கிழமை கொயோட்டியைத் தேடிப் போகிறான். அவன் ஊரில் அது நியாயமான யோசனை.

நம் ஊரில் அந்த இரண்டு வேலைகளையும் சட்டமே தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தை உட்கார்ந்து படித்தபோதுதான் எனக்கு இது புரிந்தது. தற்காப்புக்கும் பயிர்க்காவலுக்கும் என்று அது சொல்வது வரித்தடம் இல்லாத குழல் துப்பாக்கியை. குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்கு என்று சொல்வது, அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப் உறுப்பினரின் .22 ரைஃபிளை அல்லது ஏர் ரைஃபிளை. புலி, சிறுத்தையைச் சுட என்று ஒரு இடம் எதிலும் கிடையாது. மனிதர் உயிருக்கு ஆபத்தாகிவிட்ட விலங்கைக் கொல்ல மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளர் எழுத்து மூலம் உத்தரவு போடலாம். தன் உயிரையோ இன்னொருவர் உயிரையோ காப்பாற்ற நல்லெண்ணத்தோடு சுட்டால் குற்றமில்லை. மாட்டைக் காப்பாற்றச் சுட்டேன் என்றால் அந்த விலக்கு கிடைக்காது. மாட்டுக்கு நஷ்ட ஈடுதான். புலியைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் இதைக் கேட்டுச் சிரித்தார். "சட்டத்தைப் புலி படிச்சிருக்கா?" என்றார். அவரிடம் பதில் சொல்ல முடியவில்லை. போன வருஷம் அவருடைய இரண்டு மாடுகள் போயிருந்தன.

இருந்தாலும் என்னை உண்மையில் யோசிக்க வைத்தது சட்டம் அல்ல. அந்த இரவில் என் கையில் .315 இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்ற கேள்விதான். சுட்டிருப்பேன். கோபத்தில், ஈரக் கையோடு, ஒரு கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, வருஷத்துக்கு ஒரு தோட்டாகூடச் சுட்டுப் பழகாத ரைஃபிளால். நன்றாகப் பட்டிருக்காது. காலிலோ தாடையிலோ அடிபட்ட புலி என் காப்பிச் செடிகளுக்குள் படுத்திருக்கும். காலை ஏழு மணிக்குக் களை எடுக்கப் பதினான்கு பெண்கள் அதே செடிகளுக்குள் நுழைந்திருப்பார்கள். அப்பா பழகிய கையோடு, பகலில், மரத்தின் மேலிருந்து சுட்டவர். நான் அவர் அல்ல.

சுடத் தெரியாதவனுக்குப் பெரிய துப்பாக்கியால் பயனில்லை. சுடப் பழக வேண்டுமென்றால் பழகும் அளவுக்குத் தோட்டா வாங்க முடிய வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு .315 தோட்டாவின் விலையில் .22 தோட்டா பல வாங்கலாம். .315 ஒவ்வொரு முறையும் தோளில் குத்தும். பத்து சுட்டால் பதினோராவதுக்கு முன்பே கண் தானாக மூடிக்கொள்ளும். .22-வின் குண்டு 2.6 கிராம், உதை என்பதே தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஐம்பது சுடலாம். மூச்சை எங்கே நிறுத்துவது, விசையை இழுக்காமல் எப்படி அழுத்துவது என்பதெல்லாம் ஐம்பதில்தான் வரும், இரண்டில் வராது.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். .22 சின்னது என்று யாரும் விளையாட்டாக நினைக்கக் கூடாது. அதன் குண்டு ஒன்றரை கிலோமீட்டர் தாண்டியும் ஆளைக் காயப்படுத்தும். பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் சுடவே கூடாது. அதே சமயம் பன்றியை அதால் சுடுவதும் பாவம். சாகாது, காயத்தோடு ஓடிப்போய் நாலு நாள் கழித்துச் சாகும். இலக்கு அட்டைக்குத்தான் அது.

புதிது வாங்க வசதி இல்லை. துப்பாக்கி இறக்குமதிக்கு எண்பதுகளின் நடுவில் கதவு மூடப்பட்டதால், அதற்கு முன் வந்த வெளிநாட்டு ரைஃபிள்கள் நம் நாட்டில் கைமாறிக் கைமாறி, விலை ஏறிக்கொண்டே போகின்றன. மைசூரில் லைசென்ஸ் பெற்ற ஒரு வியாபாரியிடம் செக்கோஸ்லோவாக்கியாவில் செய்த ப்ர்னோ .22 ஒன்று இருந்தது. ஒரு லட்சத்து முப்பதாயிரம் சொன்னார். ஒரு லட்சத்துப் பத்துக்கு முடிந்தது. இதுவே எனக்கு அதிகம்தான். அந்த வருஷம் மிளகு நல்ல விலைக்குப் போனதால் சமாளித்தேன்.

பழைய .22 வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றை கிளப்பில் பயிற்சி தரும் ஓய்வுபெற்ற சுபேதார் சொல்லிக் கொடுத்தார். முதலில் எண். குழலில் உள்ள எண்ணும் காகிதத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா? பிறகு தோட்டா இல்லை என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, போல்ட்டைக் கழற்றிவிட்டு, வெள்ளைத் தாளின் பக்கம் திருப்பிக் குழலுக்குள் பார்க்க வேண்டும். வரித்தடங்கள் கூர்மையாகச் சுழன்று போக வேண்டும். கரும்புள்ளிகள் இருந்தால் துரு அரித்த குழி. அடுத்து குழலின் வாய். அங்கே ஒரு சின்ன நசுங்கல் இருந்தாலும் குண்டு கோணலாகப் போகும். கடைசியாகத் தோட்டா உட்காரும் இடத்தின் விளிம்பு. .22-வில் ஊசி தோட்டாவின் விளிம்பில்தான் அடிக்கிறது. தோட்டா இல்லாமல் வெறுமனே விசையைத் தட்டி விளையாடியவர்கள் கையில் இருந்திருந்தால் அந்த விளிம்பில் பள்ளம் விழுந்திருக்கும். "கட்டை கீறியிருந்தா கவலைப்படாதீங்க. பளபளன்னு இருந்தா கவலைப்படுங்க" என்றார். எங்கள் ரைஃபிளின் கட்டையில் ஏகப்பட்ட கீறல். குழல் மட்டும் கண்ணாடி.

விண்ணப்பம், போலீஸ் விசாரணை, கையெழுத்துகள் எல்லாம் முடிய எட்டு மாதம் ஆனது. "ரெண்டையும் வெச்சுக்க வேண்டியதுதானே?" என்று நண்பர்கள் கேட்டார்கள். முடியும்தான். 2019 திருத்தத்தில் ஒருவர் வைத்துக்கொள்ளும் துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டானது. கிளப் உறுப்பினர் பயிற்சிக்கு வைத்திருக்கும்.22 அந்தக் கணக்கில் சேராது. எழுபது வயதைக் கடந்தவர் தன் துப்பாக்கியை வாரிசுக்கு மாற்றித் தரவும் விதி இருக்கிறது. காகிதத்தில் தடை எதுவும் இல்லை. தடை அந்த ஆகஸ்ட் இரவுதான். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் எடுப்பேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இதை அப்பாவிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் சாப்பாட்டு நேரத்தில்கூடப் பேசவில்லை. மூன்றாம் நாள், "மைசூருக்கு எப்போ போறோம்?" என்றார்.

80 கிலோமீட்டர் காரில் போனோம். .315-ஐ வியாபாரியிடம் ஒப்படைத்து அப்பா கையெழுத்துப் போட்டார். அது போன விலையைச் சொல்ல எனக்கு மனமில்லை. அங்கிருந்து கிளப்புக்குப் போனோம். என் மகள் அங்கே ஏர் ரைஃபிள் பழகுகிறாள். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் உலகக் கோப்பைகளில் தங்கம் வாங்கியதிலிருந்து அவளுக்கு அந்தப் பைத்தியம். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்ஸில் 50 மீட்டர் ரைஃபிளில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கிய பிறகு, "அப்பா, உங்க ப்ர்னோ எனக்கு எப்போ?" என்று கேட்க ஆரம்பித்திருக்கிறாள்.

அன்று அப்பா கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார். சுபேதார் மேஜையில் மணல் மூட்டை வைத்துக் கொடுத்தார். 50 மீட்டர் தூரம். அட்டையில் பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. எண்பது வயதுக் கை நடுங்கியது. ஐந்து சுட்டார். ஒன்றும் பத்தில் விழவில்லை. ஆனால் ஐந்தும் ஒரு உளுந்து வடைக்குள் அடங்கின. அதே மேஜையில் நான் சுட்ட ஐந்துக்கு ஒரு தோசை வேண்டியிருந்தது.

அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வழியெல்லாம் விசையின் கனம் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். .315 பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் புலி மறுபடி வந்தது. ஒரு கன்று போனது. வனத்துறைக்குச் சொன்னோம், வந்து எழுதிக்கொண்டு போனார்கள், பணம் தாமதமாக வந்தது. கொட்டகைக்கு இப்போது இரும்பு வலைக் கதவும் இரண்டு பெரிய விளக்கும் போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு இதுவரை மாடு போகவில்லை.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் கேட்டார்: "ஒரு லட்சம் குடுத்து வாங்கின ரைஃபிளால என்ன பிரயோஜனம்?"

புலிக்கு ஒன்றும் இல்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்கு வாருங்கள் என்றும் கூப்பிட்டேன். அவர் இன்னும் வரவில்லை. அப்பா ஒரு வாரம்கூடத் தவறுவதில்லை.