பிரித்துக் கோத்த எஞ்சின் உதறினால்...

பணத்தைக் கொட்டி எஞ்சினைப் பழுது பார்த்துக் கொண்டு வந்த கார், இரண்டாம் நாளே உதறத் தொடங்கினால் மனம் என்ன பாடுபடும்? எங்கள் அக்காள் வீட்டில் அதுதான் நடந்தது.

அவர்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறார்கள். அக்காளுக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்கு ஈப்போ போயாக வேண்டும். அத்தானிடம் இருப்பதோ பழைய புரோட்டோன் சாகா. 1985இல் முதன்முதலாக வெளிவந்த ரகம். கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் உள்ள 1.3 லிட்டர் எஞ்சின். ரேடியேட்டரில் தண்ணீர் வற்றி எஞ்சின் கொதித்துவிட்டதால், பட்டணத்துப் பட்டறை ஒன்றில் ஹெட்டைக் கழற்றி, வால்வுகளைத் தேய்த்து, கேஸ்கெட் மாற்றினார்கள். செலவு 1,400 வெள்ளி.

காலையில் கிளம்பும்போது கார் ஒழுங்காக ஓடும். சூடேறிய பிறகுதான் கூத்து. நின்ற இடத்திலேயே குலுங்கும், மேட்டில் இழுக்காது. பட்டறையில் கேட்டால், "ரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும், இன்னும் 1,800 வெள்ளி ஆகும்" என்றார்கள். அக்காளின் சங்கிலி அடகுக் கடைக்குப் போக இருந்தது.

எங்கள் பெரியப்பா தோட்டத்து லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். "கொஞ்சம் பொறுங்க மாப்பிள்ளை. கொதிக்கிறதுக்கு முந்தி இந்த நோய் இல்லையே? அவங்க கை பட்ட இடத்தை முதல்ல பார்ப்போம்" என்றார்.

எஞ்சினைச் சூடேற்றி, நிறுத்தி, ஒரு பிளக்கின் வயரைக் கழற்றினார். அந்த வயரில் வேறொரு பிளக்கைச் செருகி எஞ்சின் இரும்போடு சேர்த்துக் கட்டிவிட்டு மறுபடி ஓட்டினார். வயரில் பல்லாயிரம் வோல்ட் பாயும். ஓடும்போது தொட்டால் தூக்கி அடிக்கும். நான்கையும் இப்படியே பார்த்தார். மற்ற மூன்றிலும் எஞ்சின் இன்னும் தள்ளாடியது. மூன்றாவதைக் கழற்றியபோது மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. முன்பே செத்துக் கிடந்த சிலிண்டர் அதுதான்! (புதிய கார்களில் இந்த வேலை வேண்டாம், புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கெட்டுவிடும். ஸ்கேனர் வைத்தால் 'பி 0303' என்று வரும். கடைசி எண்தான் சிலிண்டர்.)

மூன்றாவது பிளக்கையும் வயரையும் இரண்டாவதோடு மாற்றிப் பார்த்தார். நோய் இடம் மாறவில்லை. ஆகவே குற்றம் நெருப்பில் இல்லை. பிறகு ஒரு நண்பரிடம் கம்ப்ரஷன் மீட்டர் இரவல் வாங்கி வந்தார். மற்ற மூன்றும் 160ஐ ஒட்டி நிற்க, மூன்றாவது 90ஐத் தாண்டவில்லை. அதற்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி அளந்தார். ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் இடுக்கை அடைத்து முள் ஏறும். ஏறவில்லை! ரிங்கின் மேல் போட்ட பழி அங்கேயே விழுந்துவிட்டது.

மூடியைத் திறந்து பார்த்தால், மூன்றாவது சிலிண்டரின் புகை வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில் மிக மெல்லிய அளவுத் தகடுகூட நுழையவில்லை. வால்வைத் தேய்த்தால் அது சற்று உள்ளே இறங்கி உட்காரும், தண்டு மேலே ஏறும், இடைவெளி சுருங்கும். தேய்த்தவர்கள் மறுபடி அளந்து வைத்திருக்க வேண்டும். குளிரில் எப்படியோ மூடிக்கொள்ளும் வால்வு, சூட்டில் தண்டு நீண்டதும் முழுதாக மூடாது. அப்படியே ஓட்டியிருந்தால் வால்வே கருகியிருக்கும்.

பெரியப்பா தாமே திருகியிருக்கலாம். ஆனால் எழுதி வைத்த அளவுகளோடும் ரசீதோடும் அத்தானைப் பட்டறைக்கே அனுப்பினார். எனக்கு அது மிகவும் பிடித்தது. ரசீதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுது பார்ப்பவர் கவனத்தோடும் திறமையோடும் செய்யக் கடமைப்பட்டவர். இல்லையென்றால் 5 வெள்ளி கட்டிப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் போடலாம்; வழக்கறிஞர் வேண்டியதில்லை.

அத்தானுக்கு அது தேவைப்படவில்லை. முதலாளி தாளைப் பார்த்தார், சூடான எஞ்சினை ஒரு முறை கேட்டார், ஆளைக் கூப்பிட்டார். அரை மணி நேர வேலை. மூடிக்கான புதுக் கேஸ்கெட்டுக்கு மட்டும் 25 வெள்ளி வாங்கிக்கொண்டார். மறுநாள் அக்காளுக்கு ஈப்போ முறை. சங்கிலி கழுத்தில்தான் இருந்தது.